ஏணிக்காரன் ரீல்

2024 ஜூன் 9, ஞாயிறு

பூசை முடிந்து நேராகச் சிதம்பரம். காலி செய்த பழைய ஸ்டூடியோ ஒன்றிலிருந்து மச்சான் சார்லஸ் எனக்காக ஒரு ரீல் எடுத்து வைத்திருந்தான். ஊமைப்பட நகைச்சுவை. பெயர் அட்டை இல்லை, நடிகன் யாரென்று தெரியவில்லை. ஊர்பேர் தெரியாத கோமாளிகள் என்றால் எனக்குப் பைத்தியம். புகழ்பெற்றவர்களின் ரீல்களைச் சேர்க்கத்தான் ஆயிரம் பேர் இருக்கிறார்களே!

"ஒரே தடவ ஓட்டிப் பாருங்க மாமா. ஓரத் துளையெல்லாம் கிழியுது. அப்புறம் எங்கிட்ட குடுங்க, கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம்" என்றான்.

ஜூன் 10

செம்மண்டலம் வீட்டுக் கூடத்தில், சூடாகாத எல்.இ.டி. விளக்கு மாட்டிய, கையால் சுற்றும் புரொஜெக்டரில் ஓட்டினேன். மீசைக்காரன், பெயின்ட் வாளி, ஏணி. உச்சியில் நின்று தொப்பியைத் தூக்குகிறான். விழுகிறான். அவன் எழுவதற்குள் படம் முடிந்துவிடுகிறது.

திரும்பினால் மனைவி சவரிமேரி நிற்கிறாள். எப்போது வந்தாள்? போன வருஷம் எங்கள் மகன் அருள் பிரகாஷ் மூன்றாவது மாடியில் ஏசி மாட்டும்போது விழுந்து இறந்துபோனான். அதிலிருந்து அவள் சிரித்ததில்லை. அவள் கண்ணிலா இது பட வேண்டும்? அவசரத்தில் விளக்கை அணைக்காமலே ரீலைப் பின்னுக்குச் சுற்றிவிட்டேன். கற்றுக்குட்டி செய்யும் தப்பு. சுவரில் அவன் தரையை விட்டு எழும்பி, காற்றில் ஏறி, ஏணி உச்சியில் போய் நின்றான்.

சிரித்தாள். வாய்விட்டு.

"இன்னொரு தடவ ஏத்துங்க."

ஜூன் 11

அவனை ஏற்ற வேண்டுமென்றால் முதலில் ரீலை முன்னுக்கு ஓட்டி இறக்கியாக வேண்டும். அப்போது மட்டும் விளக்கை அணைத்துவிட்டுச் சுற்றுகிறேன். அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிகிறது — அந்த இருட்டில் அவன் விழுகிறான்.

ஜூன் 14

சாப்பிடும்போதும் என் கண்ணுக்குள் விழுகிறான். சில நேரம் மீசை இல்லை, அருளின் முகம்.

ஜூன் 16

சார்லஸ் வந்தான். பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கத்தினான். "எத்தினி தடவ ஓட்டுனீங்க? இத வுட்டா வேற பிரிண்ட் கெடையாது மாமா!" நாளை நானே கொண்டுவருகிறேன் என்று அனுப்பிவைத்தேன். அவன் சொல்வது நியாயம்தான். ஆனா இன்னிக்கு அவ மீன் கொழம்பு வச்சா... ரொம்ப நாளைக்கப்புறம். எப்படிப் பிடுங்குவேன்?

ஜூன் 17

ரீலைப் பையில் வைத்தேன்.

"கடைசியா ஒரு தடவ. நானே சுத்துறேன்" என்றாள்.

இருட்டில் இறக்கிக் கொடுத்தேன். விளக்கைப் போட்டேன். தொட்டில் ஆட்டுகிற மாதிரி மெதுவாகச் சுற்றினாள். எழும்பினான், ஏறினான், உச்சியில் நின்றான். படக்கென்று பிலிம் அறுந்தது. சுவரில் அவன் மட்டும் அசையாமல்.

ஒட்டும் டேப்பை எடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க. மேலயே நிக்கட்டும்."

சார்லஸ் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். விளக்கை அணைக்க எனக்கும் மனம் வரவில்லை.