ஃபேமிலி நேம் கட்டத்தில் நான் எழுதியது

டேய் நண்பா,

கிளாங்கில் அந்தப் புற்றுநோய் கிளினிக்கின் சுவரில் இப்போது கண்ணாடி போட்ட தரச் சான்றிதழ் ஒன்று தொங்குகிறது. போன வாரம் அதன் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் மகளின் மார்பிலிருந்து பரிசோதனைக்குச் சதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆமாம், உனக்குப் பிறகு இப்போது அவள். முப்பது வயதுகூட ஆகவில்லை.

சான்றிதழைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. நாம் லோரி ஓட்டிய காலத்தில், அரசாங்க லோரிச் சோதனை நாளில் பந்திங் ஊர் டிரைவர் ஒருவரிடம் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டுவோமே! பாஸ் ஆனதும் கழற்றிக் கொடுத்துவிட்டு, வழுக்கை டயரில் டெங்கில் ஊர் வரை பாடிக்கொண்டே போவோம். சான்றிதழை நம்ப உலகத்திலேயே தகுதியில்லாத ஆள் நான். இருந்தாலும் கேட்டேன். பயந்தவன் எதையும் கேட்பான்.

"மிஸ்ஸி, இது சும்மா சொவத்துல மாட்டறதா?"

தாதி சிரித்தாள். "இல்ல அங்கிள். நாங்க, சுங்கை வே கிளினிக், கேஎல் பெரிய ஆஸ்பத்திரி, மூணும் ஒரே குழு. சோதிக்க வந்தவங்க சொவத்தப் பாக்கல. ஏதோ ஒரு ஃபைல உருவி, இந்தப் பேப்பர் அங்க போக எத்தன நாளாச்சு, வராத ரிப்போர்ட்ட யாரு தேடுனா, எந்தெந்த டாக்டர் சேந்து உக்காந்து முடிவு பண்ணாங்கன்னு கேட்டாங்க. திரும்பவும் வருவாங்க."

"அப்ப இரவல் டயர் மாட்ட முடியாது."

"என்னா அங்கிள்?"

"ஒண்ணும் இல்லம்மா."

வராத ரிப்போர்ட்டை யார் தேடியது? உனக்கு யாருமே தேடவில்லையே. நீ மூக்குக்கண்ணாடியை லோரியிலேயே விட்டுவிட்டு வந்ததால், இதே இடத்தில் உன் படிவத்தை நான்தான் நிரப்பினேன். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் படிவம் வரை படித்தவன் என்ற மிதப்பு வேறு. 'ஃபேமிலி நேம்' என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? உன் அப்பா பெயரைக் கொட்டை எழுத்தில் அழகாக எழுதினேன். ஆய்வுக்கூடத்தில் அதையே உன் பெயராக எடுத்துக்கொண்டார்கள். அடையாள அட்டை எண்ணை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. என்றோ செத்துப்போன உன் அப்பாவின் பெயரில் உன் ரிப்போர்ட் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இழுப்பறையில் கிடந்தது. உன் பெயரில் இருந்த கோப்பு காலியாகவே இருந்தது. ஏழு வாரம்.

"கூப்பிடலன்னா ஒண்ணும் இல்லன்னுதான் அர்த்தம் லா" என்றாய், பிரிக்பீல்ட்ஸில் தோசை தின்றபடி. நான் தலையாட்டிவிட்டு இன்னொரு தோசை சொன்னேன். கண்டுபிடித்தபோது நோய் கல்லீரல்வரை போயிருந்தது.

இதை இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாதவன், அந்தத் தாதியிடம் கொட்டிவிட்டேன். "கட்டத்துல தப்பா எழுதறது எல்லாருக்கும் வர்றதுதான் அங்கிள். அதுக்கு ஒரு ஆள் சாகக் கூடாது. அதுக்குத்தான் இவ்வளவும்" என்றாள். பிறகு மகளின் படிவத்தை எடுத்து, பெயரையும் எண்ணையும் என் எதிரிலேயே இரண்டு முறை சரிபார்த்தாள்.

இன்று காலை அதே தாதியிடமிருந்து போன் வந்தது. மகள் என் எண்ணைத்தான் கொடுத்திருந்தாள்.

"அங்கிள், ரிப்போர்ட் வந்துருச்சு. நாளைக்கு டாக்டருங்க எல்லாம் சேந்து பாக்கறாங்க. வெள்ளிக்கெழம மகள கூட்டிட்டு வாங்க."

"நல்லதா, கெட்டதா மிஸ்ஸி?"

"டாக்டர் நேர்ல சொல்வாரு. நானும் கூட இருப்பேன்."

அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது. சான்றிதழ் நோயைக் குணமாக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இப்போது பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

சமையலறையிலிருந்து மகள் கேட்டாள். "யாருப்பா போன்ல?"

"ஆஸ்பத்திரிம்மா. ரிப்போர்ட் வந்துருச்சாம்."

"அதுக்குள்ளயா?"

அந்த ஒரு சொல் உனக்குக் கிடைத்திருக்க வேண்டியதுடா. உன் ஏழு வாரமும் என் கணக்கில்தான் இருக்கிறது. அவளுக்கு ஒரு நாள்கூடத் தொலைய விடமாட்டேன். வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்க மறந்துவிட்டேன். இதோ, திரும்பக் கூப்பிடப் போகிறேன்.