செவலை எழுந்து நின்ற செய்தி

அன்னூர்,
புதன்கிழமை.

பேரன்பிற்குரிய கணவர் கிருபாசங்கர் அவர்களுக்குத் தங்கள் செவ்வந்தி வணக்கத்துடன் வரைவது. நானும் நம் மகள் அக்ஷயாவும் நலம். குடியிலிருந்து விடுவிக்கும் அந்த மையத்தில் சிகிச்சை முடியும்வரை கைப்பேசி தரமாட்டார்களாம். ஆகவே கடிதத்தின் வழியே வருகிறேன்.

முதலில் மகிழ்ச்சியான செய்தி. நம் செவலை நேற்று மாலை எழுந்து நின்றுவிட்டது.

கிடேரிக் கன்றை ஈன்ற கையோடு படுத்த மாடு, பிறகு எழவே இல்லை. மருத்துவர் சுண்ணாம்புச்சத்து மருந்தை நரம்பில் ஏற்றினார். மணலில் கிடத்தி, ஒரே பக்கமாகப் படுக்கவிடாமல் புரட்டிக்கொண்டே இருக்கும்படி கூறினார். பக்கத்துத் தோட்டத்துச் சாந்தாமணி அக்கா உடன் நின்றார். 'எம்பட மாமியாளக்கூட நான் இப்படிப் பொரட்டிப் படுக்க வெச்சதில்ல சாமி' என்று அவர் புலம்பியதில், அழவேண்டிய நேரத்தில் சிரித்துவிட்டேன்.

தங்கள் அண்ணார் அங்கப்பன் மாமா மாட்டு வியாபாரியின் வண்டியையே வாசலுக்கு வரவழைத்துவிட்டார். 'ஏனம்மிணி, எந்திரிக்காத மாட்டக் கட்டிட்டு அழுதுட்டே இருக்கப்போறயா? வெலை வர்றப்பவே ஏத்தியுட்டுரு' என்றார். 'ஏனுங் மாமா, அது இன்னும் தீவனம் திங்குதுங்க. திங்கற சீவன எப்படீங்க ஏத்தியுடறது?' என்றேன். வண்டி வெறுமையாகத் திரும்பியது. மாமா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

அன்றுதான் மையத்து ஆலோசகர் பிரத்யுஷா அம்மையார் அழைத்தார். 'உங்க வீட்டுக்காரர் பையக் கட்டிட்டு வாசக் கேட்டுக்கிட்ட உக்காந்துட்டாருங்க. இனி ஒரு நாளும் இருக்க முடியாதுங்கறாரு. வந்து கூட்டிட்டுப் போறீங்களா?' என்று கேட்டார். நான் வரவில்லை. மாடு கிடந்தது உண்மைதான். ஆனால் மாட்டைக் காரணம் காட்டித் தப்பிக்க விரும்பவில்லை. செவலை துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தாலும் வந்திருக்க மாட்டேன். போன முறை பாதியிலேயே திரும்பி வந்தீர்கள். அந்த வாரமே தாங்கள் அவிநாசி சாலையோரம் விழுந்து கிடந்ததை அக்ஷயா பள்ளிப் பேருந்திலிருந்து பார்த்தாள்.

தாங்களாகவே உள்ளே சென்று உணவருந்தியதாக மறுநாள் அம்மையார் தெரிவித்தபோது, மாட்டுத் தண்ணீர்த் தொட்டியின்மேல் அப்படியே அமர்ந்துவிட்டேன். அவ்வளவு நீளமாக மூச்சுவிட்டு எத்தனை காலமாயிற்று!

நேற்று, தூக்கித் தூக்கிச் சலித்துத் தேநீர் குடிக்கச் சென்றிருந்தோம். திரும்பி வந்தால், யாரும் கைகொடுக்காமலே செவலை பின்னங்கால்களை ஊன்றி எழுந்து, நடுங்கியபடி நிற்கிறது! தொலைவிலிருந்து பார்த்த மாமா ஒரு கட்டுச் சோளத்தட்டைக் கொண்டுவந்து போட்டார். 'கன்னுக்குட்டிய ஊட்டவுடு அம்மிணி' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தங்களையும் மாட்டையும் ஒப்பிடுவதாகக் கருதவேண்டாம். அறிவுரை இருவருக்கும் பிடிக்காது என்பது மட்டுமே ஒற்றுமை. எனினும் ஒன்றை விண்ணப்பிக்கிறேன். இனி முடியாது என்று தோன்றும்போது அந்த ஒரு வேளையை மட்டும் கடந்துவிடுங்கள். அடுத்த வேளையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிறன்று உறவினரை அனுமதிப்பார்களாம். நாங்கள் இருவரும் வருகிறோம்; அழைத்து வருவதற்கு அல்ல, பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு. 'எப்பப்பா ஊட்டுக்கு வருவீங்க?' என்று அக்ஷயா கட்டாயம் கேட்பாள். 'இன்னும் கொஞ்ச நாள் கண்ணு' என்று தாங்களே தங்கள் வாயால் அவளுக்குச் சொல்லவேண்டும்.

எல்லா நலமும் தங்களைச் சேர்க.

என்றும் தங்கள்,
செவ்வந்தி