வெள்ளைக் கித்தாரில் குங்குமப் பொட்டு

26 செப்டம்பர் 2025, வெள்ளி

நவராத்திரிச் சுண்டல் வைத்துக் கும்பிட்டு நிமிர்கிறேன், வாசலில் யூசுப் தம்பி. என் வீட்டுக்காரரோடு கல்யாண வீடுகளில் பல வருடமாகக் கித்தார் வாசிப்பவர். தோள் வலியாம். வெள்ளைக் கித்தாரின் கனத்தை இனித் தாங்க முடியாதாம். பட்டர்வொர்த்தில் கித்தார்க் கடை வைத்திருக்கும் தயாளன் அதை எடுத்துக்கொண்டு கனமில்லாத புதியது ஒன்று தருகிறானாம்.

"நல்ல ரகமா இருந்தா வலியோட வச்சுக்கிறேன்கா. இல்லன்னா போகட்டும். நீங்க சொன்னா சரி."

எண்பதுகளில் ஜப்பானில் செய்தது. அப்போது ஒரே உருவத்தில் நாலைந்து ரகம் போட்டிருக்கிறார்கள். பார்வைக்கு அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். கீழ் ரகத்துக்கு ஒட்டுப்பலகை, மேலே பிளாஸ்டிக் போலக் கெட்டிப் பூச்சு. மேல் ரகத்துக்கு நல்ல மரம், மெல்லிய லேக்கர் பூச்சு. ஜப்பான் பழைய சாமான் விற்கும் இங்குள்ள கடைகளிலிருந்து என் வீட்டுக்காரர் வாங்கி வருவதையெல்லாம் கழற்றித் துடைத்தே நான் கற்றுக்கொண்டேன்.

கழுத்தை ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். நேராக இருந்தது. உடம்பை நகத்தால் தட்டினேன், கெட்டிப் பூச்சு போலச் சத்தம். அடுப்பில் சாம்பார். திருகுகளைக் கழற்றவில்லை.

"நடுத்தரந்தான் தம்பி" என்றேன்.

"அப்ப சரிக்கா. இங்கேயே இருக்கட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமை தயாளனைக் கூட்டிட்டு வர்றேன்." சொல்லிவிட்டு அதன் பையை ஒருமுறை தடவிவிட்டுப் போனார்.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூசை. தையல் மெஷின், கிரைண்டர், இவருடைய டிரில், வீட்டிலிருந்த நான்கு கித்தார்கள். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். யூசுப் தம்பியுடையதற்கும் வைத்து, அவர் தோள் குணமாக வேண்டும் என்று கும்பிட்டேன். நிறைவான நாள்.

2 அக்டோபர், வியாழன்

போகவில்லை.

மற்ற மூன்றிலும் பொட்டு ஈரத்துணிக்கே போய்விட்டது. வெள்ளையில் மட்டும் பொட்டு பூச்சுக்குள் இறங்கி நிற்கிறது. மஞ்சள் வளையம், நடுவில் சிவப்பு. தேங்காய் எண்ணெய், பிறகு லைட்டர் எண்ணெய். தேய்க்கத் தேய்க்கப் பளபளப்புதான் போகிறது. லைட்டர் எண்ணெயைக் கணக்கில் "வீட்டுச் செலவு" என்று எழுதினேன். ஏன் அப்படி எழுதினேன்?

தாயே, உனக்கு வைத்த பொட்டுதானே இது.

3 அக்டோபர், வெள்ளி

இதில் மட்டும் ஏன் இறங்கியது? அந்தக் கேள்வி காலையிலிருந்து குடைந்தது. முன்பக்கத்துத் தட்டைக் கழற்றி, வெளியே தெரியாத இடத்தில் நகப்பூச்சு அழிக்கும் தண்ணீரைப் பஞ்சில் தொட்டு வைத்தேன். வெள்ளை கரைந்து பஞ்சோடு வந்தது. கெட்டிப் பூச்சு இப்படிக் கரையாது. லேக்கர்! உள்ளே ஒட்டுப்பலகையும் இல்லை. இரண்டே துண்டு, நல்ல மரம்.

மேல் ரகம். நான் சொன்னது தப்பு.

சாயங்காலம் மாக் மண்டினில் இருக்கும் தொழிற்சாலையிலிருந்து இவர் வந்ததும் சொன்னேன். "ஐயோ மோகனா! பேசாம இரு லா. ஞாயித்துக்கிழமை தயாளன் தூக்கிட்டுப் போயிட்டா யாருக்குத் தெரியப் போவுது? யூசுப்புக்குப் புதுசு கிடைச்சிடும், உனக்குத் திட்டும் கிடையாது."

உண்மைதான். நடுத்தரம் என்ற என் சொல்லோடு அது போய்விடும், பின்பக்கத்துப் பொட்டும் கண்ணில் படாமல் போய்விடும். நல்ல ரகம் என்று சொன்னால், எப்படித் தெரிந்தது என்று யூசுப் தம்பி கேட்பார். பொட்டைக் காட்ட வேண்டும்.

யூசுப் தம்பியின் மனைவி ஹபீபா பீவி எனக்குச் சோறு வைக்கும்போது நான் கேட்பதற்கு முன்பே "இதுல மாட்டிறைச்சி இல்லக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் கரண்டியை எடுப்பாள். நான் அவள் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டேனா?

5 அக்டோபர், ஞாயிறு

தயாளன் வருவதற்கு முன்னால் யூசுப் தம்பியைத் தனியாக வரச் சொன்னேன். ரகத்தை முதலில் சொன்னேன், பிறகு திருப்பிக் காட்டினேன். யூசுப் தம்பி பொட்டின்மேல் விரலை வைத்தார். எடுக்கவில்லை.

"பூசையில வச்சீங்களா?"

"ஆமா தம்பி. எல்லாத்துக்கும் வைக்கிற மாதிரி... உங்க தோளுக்குத்தான்—"

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேக்கா."

இவர்தான் இடையில் புகுந்து, "ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடலாம் லா, யூசுப்பு" என்று சிரித்தார். யூசுப் தம்பி சிரிக்கவில்லை. "நல்ல ரகம்னு சொன்னதுக்குத் தேங்க்ஸ்கா. நீங்க சொல்லாமலும் இருந்திருக்கலாம்." அவ்வளவுதான். பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வலிக்கிற தோளில்.

தயாளன் வந்து வெறுங்கையோடு திரும்பினான். "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களாக்கா?"

9 அக்டோபர், வியாழன்

ஹபீபா பீவிக்குப் போன் போட்டேன். "ரெண்டு நாளா உக்காந்து தொடைக்கிறாருக்கா. போவ மாட்டேங்குது. கோவமான்னு கேட்டா, இல்லங்கிறாரு." குரலில் பழைய கலகலப்பு இல்லை.

சாமி முன்னால் நின்றால் என்ன வேண்டுவதென்று தெரியவில்லை. வைத்தது தப்பு என்று அந்தத் தாயிடமே எப்படிச் சொல்லுவது? வைத்தது தப்பில்லை, கேட்காதது தப்பு. இரண்டும் ஒன்றா?

20 அக்டோபர், தீபாவளி

யூசுப் குடும்பம் வரவில்லை.

9 நவம்பர், ஞாயிறு

பத்தரைக்கு யூசுப் தம்பி கதவைத் தட்டினார். முதுகில் வேறொரு கித்தார். மகன் ஹஸ்ருல் வாங்கப் பார்க்கிறானாம், பழைய ஜப்பான் என்று விற்பவன் சொல்கிறானாம்.

"எங்க வைக்கட்டும் தம்பி?" என்று கேட்டேன். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "இங்கேயே" என்று சாப்பாட்டு மேசையில் அவரே வைத்தார். இந்த முறை எல்லாத் திருகுகளையும் கழற்றினேன். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வெள்ளை..."

"வாசிக்கிறேன்கா. தயாளன் மூணு தடவ கேட்டுட்டான், குடுக்கல."

"கறை?"

"இருக்கு."

தட்டுக்கு அடியிலிருந்த குழிக்குள் விளக்கடித்தேன். அடுக்கடுக்காகக் கோடு. "ஒட்டுப்பலகை தம்பி. வேணாம்."

அங்கேயே மகனுக்குப் போன் போட்டார். "வேணாம்டா. இல்ல, வேற யார்கிட்டயும் கேக்க வேணாம். அக்கா சொல்லிட்டாங்க."

கம்பிகளை மறுபடி கட்டி முடிக்க நேரமாகும், முன்பு போல விட்டுவிட்டுப் போங்கள், நாளைக்குத் தருகிறேன் என்றேன்.

"இல்லக்கா, இருந்தே எடுத்துட்டுப் போறேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் கட்டி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.