நாலாவது சுற்று

ஜூலை 8, செவ்வாய். காலை 9.40. சோதித்தவை 12, தேறியவை 12.

சாரல் விடவில்லை. பட்டறைச் சுவரெல்லாம் ஈரம். சார்ஜருக்கான சின்ன டிரான்ஸ்பார்மர்: கரண்ட் பக்கச் சுருளுக்கும் போன் பக்கச் சுருளுக்கும் நடுவே மூன்று சுற்று மஞ்சள் டேப். அது 3000 வோல்ட்டை ஒரு நிமிடம் தாங்க வேண்டும். போன வாரம் 12-இல் 2 தாங்கவில்லை. இன்று எல்லாம் தேறியது. ஏன்? எதையும் மாற்றவில்லையே.

முதலாளி அண்ணாச்சிக்கு ஏன் என்பதெல்லாம் வேண்டாம். "தேறிட்டுல்லா, அனுப்புலே." 10 பீஸ், பாதுகாப்புச் சான்றிதழுக்காக பெங்களூர் லேபுக்கு. கூரியரில் போட்டாயிற்று. கூடவே படிவம்: மாதிரிகள் டிராயிங்கின்படியே செய்யப்பட்டவை. கையெழுத்து நான்.

ஜூலை 9, புதன்.

இருப்புக் கொள்ளவில்லை. மீதி இரண்டில் ஒன்றை பிளேடால் அறுத்தேன். டேப், நாலு சுற்று. இன்னொன்று. அதிலும் நாலு.

சுற்றியது செல்வி அக்கா. இலஞ்சியிலிருந்து வருபவர். இங்கே வேலை நேர்த்தி அவருக்குத்தான்.

"ஆமா தம்பி, ஒரு சுத்து சேத்து விட்டேன். போன வாரம் ரெண்டு போனதுக்கு மூணு நாளு சாப்பிடாம அலைஞ்சிய."

"டிராயிங்ல மூணுதான போட்டிருக்கு?"

"கொறச்சாத்தான் தப்பு. கூட்டுனா யாரு வைவா?"

பக்கத்து மேசை மாரி: "பூக்காரியே மொழத்துக்கு மேல கொசுறு விடுதா."

எல்லோரும் சிரித்தார்கள். கத்திவிட்டேன். செல்வி அக்கா மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"நல்லதுதானலே. லேப்ல தேறிரும்."

"சர்டிபிகேட் நாலு சுத்துக்கு வரும், கடைக்குப் போறது மூணு சுத்து. ஈரத்துல ஒண்ணு போனா, சார்ஜ் போட்டுக்கிட்டே போன் பேசுதவன் கையில கரண்ட், அண்ணாச்சி."

"வந்த ஆர்டரக் கெடுத்துராத. பேசாம இரி."

விருந்தாளிகளோடு ஐந்தருவிக்குக் குளிக்கப் போய்விட்டார்.

ஜூலை 10, வியாழன். காலை 7.15.

சாரல். இன்று பார்சல் லேபுக்குப் போய்ச் சேரும்.

1. ஒன்பது மணிக்கு லேபுக்குப் போன். மாதிரி தவறு, சோதிக்க வேண்டாம். மெயிலும்.
2. அண்ணாச்சியிடம் சொல்வது. போன் பேசிய பிறகுதான், முன்னால் இல்லை.
3. சுருளைச் சூட்டுப் பெட்டியில் ஈரம் போகக் காய வைத்து, மூன்று சுற்றில் புதிதாக 12.
4. தேறாவிட்டால் டிராயிங்கையே நாலாக்குவது. ஆர்டர் கொடுத்தவரிடம் நானே பேசுவது.
5. செல்வி அக்கா வந்ததும், கத்தியதற்கு மன்னிப்பு. இனி பக்கத்தில் நின்று சுற்றை எண்ணத்தான் செய்வேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.