கயிறு உன் கையில இல்லாம இறங்கின நாளு

டூல் பாக்ஸ திறந்தா அந்த வாசனை இன்னும் இருக்குது. கிரீஸு, அதுக்கு அடியில லேசா சந்தனம். உன் முகூர்த்தப் புடவையில மிச்சமான ஜாக்கெட் பிட்டு, ஒரு கையகலம். அரக்கு கலரு, ஒரு ஓரத்துல ஜரிகை. நீ மடிச்சி வெச்ச மடிப்பு கூட கலையல. அத எடுக்க பயந்துக்கினு ரொம்ப நேரம் பாத்துக்கினே நின்னேன்.

காலைல உன் தம்பி டிராக்டரோட வந்துட்டான். "மாமா, குவாரிக்கு வேலி போடறாங்களாம். அடுத்த வாரத்துல இருந்து உள்ள விடமாட்டாங்க. இன்னிக்கி இறக்கினாதான் உண்டு. இல்லனா உன் சப்மரின பழைய இரும்புக் கடைக்குதான் ஓட்டணும்."

ரெண்டு வருஷத்து ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் தின்ன இரும்பு அது. ஒரு ஆளு முட்டி மடக்கி உக்காரலாம். கம்பெனில அடுத்தவன் வெல்டிங்குல குறை கண்டுபிடிக்கிறதுதான் எனக்கு வேலை. வீட்ல என் வெல்டிங்குல நீ கண்டுபிடிப்ப. "இன்னாபா, இங்க ஊசி நுழையும் போலக்குது"னு டார்ச் அடிச்சி காட்டுவ.

போன வருஷம் தையில மொத தபா இறக்கப் போசொல்ல, தெரு முழுக்க தறிக்குப் போற பாவு நூல நீட்டிக் கட்டியிருந்தாங்க. அது முடியற வரைக்கும் டிராக்டரு, பின்னாடி டிரெய்லரு, மேல சப்மரினு, எல்லாம் தெருமுனையிலயே நின்னுச்சி. பாவுக்கு கஞ்சி போட்டுக்கினு இருந்த பெரியவரு கேட்டாரு, "இன்னாபா, செப்டிக் டேங்கா? எத்தினி பேருக்கு தாங்கும்?" நீ சிரிக்கவே இல்ல. "ஒருத்தருக்குதான் மாமா. எங்க வீட்டுக்காரருக்கு."

மாகறல் பக்கத்து பழைய கல்குவாரில லாரி இறங்கின பாதை அப்படியே தண்ணிக்குள்ள போவுது. டிரெய்லரு சக்கரம் முழுவுற வரைக்கும் ரிவர்ஸ்ல விட்டா, சப்மரினு தானா மிதந்து கழண்டுக்கும். புது வண்டிக்கு பொட்டு வெக்காம இறக்கலாமானு உன் தம்பி சந்தனம் குங்குமம் வெச்சான். வெச்ச இடம் மூடியோட வாயி. ரப்பர் வளையம் உக்கார்ற இடம். பத்தடி கூட போவல, நூலு கனத்துக்கு தண்ணி உள்ள வந்துச்சி. ரெண்டு தபா கயித்த இழுத்தேன். டிராக்டர வெச்சி வெளிய இழுத்துட்டீங்க.

காஞ்ச சந்தனத்துல கடுகளவு, வளையத்துக்கு அடியில. அந்தச் சந்துலதான் தண்ணி வந்திருக்குது. அத பாத்துட்டு தம்பிய அடிக்க ஓடின. அப்புறம் பையில இருந்து இந்தத் துணிய எடுத்து தொடைச்ச. "காட்டன் பிசிறு விடும்பா. பட்டு விடாது. ஆனா ஜரிகை ஓரத்த வெட்டிடணும். பிரிஞ்சி வந்து மாட்டிக்கும்." முகூர்த்தப் புடவையோடதுனு நான்தான் வெட்ட விடல. சரினு சொல்லிட்டு, ஒவ்வொரு தபாவும் ஜரிகைய உள்பக்கமா மடிச்சி புடிச்சிக்கினு தொடைப்ப.

அன்னிக்கி ரெண்டு சட்டம் போட்ட. மூடிய வெளிய இருந்தும் திறக்கிற மாதிரி கைப்பிடி வெக்கணும். "கயிறு என் கையில இல்லாம நீ கீழ போவக்கூடாது."

வெயில்ல குவாரித் தண்ணி இறங்கிடுச்சி. மழைக்கு அப்புறம் பாத்துக்கலாம்னோம். புரட்டாசில உனக்கு ஜுரம் வந்துச்சி. ஆறே நாளு, போயிட்ட.

அதுக்கப்புறம் அஞ்சு மாசமா எனக்கு எதுவும் உறைக்கல. சூடு பட்டா கூட கொப்புளம் வந்தப்புறம்தான் தெரியும். இன்னிக்கி டிரெய்லர்ல ஏத்தசொல்லதான் பயம் வந்துச்சி. தண்ணிய நெனச்சி இல்ல. கீழ போயி உக்காந்தா மேல வரணும்னு எனக்குத் தோணுமா? அதான். யாருகிட்ட போயி சொல்றது இத, உன்ன விட்டா?

உன் தம்பி சந்தனக் கிண்ணத்தோட வந்தான். என் மூஞ்சிய பாத்துட்டு, "டயருக்கு மட்டும் வெக்கிறேன் மாமா, அக்கா மேல இருந்து அடிக்கும்"னான். நான் உன் துணியால வளையத்த தொடைச்சேன். கயிறு அவன் கையில. ஒரு இழு இழுத்தா நல்லா இருக்கியானு அர்த்தம், நான் பதிலுக்கு ஒரு இழு.

அடித் தொட்டில தண்ணிய விட்டு இறங்கினேன், இருபது அடி. கண்ணாடிக்கு வெளிய எல்லாம் பச்சை, அப்புறம் கருப்பு. தரை தட்டுச்சி. எவ்ளோ அமைதி தெரியுமா? கயிறு ஒரு தபா ஆடுச்சி. கை தூக்கல. மறுபடி ஆடுச்சி. இழுக்கணும்னு தெரியுது, தோணல. நான் பயந்த இடத்துலயே வந்து உக்காந்திருந்தேன்.

அப்பதான் கழுத்துல ஜில்லுனு ஒரு சொட்டு.

அண்ணாந்து பாத்தேன். மூடி வாயில மயிரு மாதிரி ஒரு மஞ்சக் கோடு மின்னுச்சி. ஜரிகை. மடிச்சி புடிக்க மறந்துட்டேன். இன்னொரு சொட்டு, அப்புறம் சரம் புடிச்ச மாதிரி தண்ணி. நெஞ்சு அடிச்சுது பாரு, இரும்பே அதிர்ற மாதிரி. "ஐயோ"னு என் குரல நானே கேட்டேன். யோசிக்கல. அடியில தொங்கின ஈயக்கட்டிய கழட்டிவுடற லிவர ரெண்டு கையாலயும் இழுத்தேன். சப்மரினு மேல பாஞ்சுது.

வெளிய நீ வெக்கச் சொன்ன கைப்பிடி திரும்பற சத்தம். உன் தம்பி நீந்தியே வந்திருக்கான், சட்டையோட. "இழுத்தா பதிலுக்கு இழுக்க மாட்டியா? உனக்கு இன்னா கேடு மாமா? நான் இன்னானு நெனைக்கிறது?" திட்டிக்கினே அழுதான்.

"பயந்துட்டேன்டா"னு மட்டும் சொன்னேன். அவனுக்கு அது புரிஞ்சிருக்காது. உனக்குப் புரியும்.

திரும்பி வரசொல்ல ஈர டிரெய்லர்ல இருந்து ரோடு முழுக்க சொட்டிக்கினே வந்துச்சி. வீட்டுக்கு வந்ததும் கத்திரி எடுத்து ஜரிகை ஓரத்த வெட்டிட்டேன். நேரா வரல. துணிய உன் மடிப்புலயே மடிச்சி டூல் பாக்ஸ்ல வெச்சிட்டேன். ஜரிகை என் சட்டைப் பையில இருக்குது. இத எழுதசொல்ல கூட நெஞ்சுல குத்துது. குத்தட்டும்.