ஆலயக் கூட வாசலில் நிற்பவர்

அனுப்புநர்:
மருத்துவமனைச் சலவைப் பிரிவு ஊழியர்,
மே/பா பங்குத்தந்தை அலுவலகம்.
(வீட்டு முகவரியை நேரில் மட்டும் தெரிவிப்பேன்.)

பெறுநர்:
காவல் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: போதையிலிருந்து மீள்வோர் கூடும் ஆலயக் கூடத்தின் வாசலில் போதைப் பொருள் கொடுப்பவரைத் தடுக்கவும், என் தம்பிக்கும் எனக்கும் பாதுகாப்பு அளிக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்குத் தாய் தந்தை இல்லை. இருப்பது ஒரே தம்பி, வெல்டர். மூன்று ஆண்டுகள் ஊசிப் போதையில் கிடந்தான். எந்தப் பட்டறையிலும் அவனைச் சேர்க்கவில்லை.

2. எங்கள் பங்கில் அருட்சகோதரி ஒருவர் இருக்கிறார், முன்பு செவிலியர். செவ்வாய்தோறும் மாலை ஐந்தரை மணிக்கு, குடியையும் போதையையும் விட்டவர்களை ஆலயக் கூடத்தில் உட்கார வைக்கிறார். பதினோரு பேர். எந்த மதம் என்று கேட்பதில்லை. ஒரு செபம், பிறகு அவரவர் அந்த வாரத்தைக் கடந்த விதத்தைச் சொல்வார்கள். சகோதரி தேநீரில் சர்க்கரையை அள்ளிப் போடுவார். போதை கேட்கும் நாக்கை இனிப்பைக் காட்டித்தான் ஏமாற்ற வேண்டுமாம். தம்பி அங்கே போகத் தொடங்கிய வாரம் பங்குத்தந்தையிடம் பாவங்களை அறிக்கையிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்து நாள் முழுவதும் தூங்கினான். அவன் போதையை விட்டு இன்றோடு ஏழு மாதம் பன்னிரண்டு நாள். இப்போது வேலைக்குப் போகிறான்.

3. 'சீப்பு' என்று அழைக்கப்படுபவர் சென்ற மாதம் முதல் கூடத்து வாசலுக்கு எதிரே நிற்கிறார். தம்பிக்கு முன்பு போதை மருந்து கொடுத்தவர் இவரே. கடந்த செவ்வாய், கூட்டம் முடிந்து வந்த தம்பியின் தோளில் கை போட்டு, "சும்மா வெச்சுக்கோடா, சாமி கோவிச்சுக்காது" என்று சட்டைப் பையில் ஒரு பொட்டலத்தைத் திணித்திருக்கிறார். தம்பி வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி என்னிடம் எறிந்தான். "அக்கா, நான் பையில கை விடல. நீயே எடு. என்னை உள்ள வெச்சுப் பூட்டு" என்றான். பூட்டினேன். நான் போனில் கூப்பிட்டதும் சகோதரி ஓடி வந்தார். இருவரும் கதவுக்கு வெளியே உட்கார்ந்து செபமாலை சொன்னோம். உள்ளேயிருந்து அவன் பதில் செபம் சொல்லும் வரை எனக்குத் தெம்பு இருந்தது. பாதியில் குரல் நின்றது. எனக்குச் சாவி துவாரம் தெரியவில்லை, சகோதரிதான் திறந்தார். துண்டைப் பல்லில் கடித்தபடி தரையில் இருந்தான். தவறாக எதுவும் செய்துகொள்ளவில்லை.

4. மறுநாள் காலை நானும் சகோதரியும் பொட்டலத்தைப் பகுதிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தோம். ரசீது தரப்படவில்லை. "வீட்ல இருந்துச்சுன்னா கேஸ் உங்க மேலதான் வரும்" என்று பணியிலிருந்தவர் சொன்னார். அன்று மதியமே, வெளியாட்கள் வராத எங்கள் சலவைப் பிரிவுக்குள் சீப்பு வந்தார். உலர்த்தும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் வழியை மறித்து, தலையை வாரிக்கொண்டே, "காலைல ஸ்டேஷன் போனீங்களாமே அக்கா. வெல்டருக்குக் கண்ணு முக்கியம், பாத்துக்கோங்க" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அதற்குப் பிறகு இயந்திரம் நின்றால்கூட எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

5. நாங்கள் நிலையத்துக்குப் போனதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. யாரையும் குற்றம் சாட்ட எனக்குத் துணிவில்லை. ஆனால் இம்மனுவை விசாரணைக்கென அதே நிலையத்துக்கு அனுப்பிவிட வேண்டாம் என்று தங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

6. கூட்டத்துக்கு வருபவர்களில், மூன்று ஆண்டுகளாகக் குடிக்காத பேருந்து ஓட்டுநர்கூட இனி வரமாட்டேன் என்கிறார். கூட்டத்தை நிறுத்தலாமா என்று பங்குத்தந்தை கேட்டதற்கு, "ஒருத்தர் வந்தாலும் நான் திறப்பேன் ஃபாதர்" என்று சகோதரி சொல்லிவிட்டார். தம்பியும் போவேன் என்கிறான். போகாதே என்று சொன்னால் பழையபடி ஆகிவிடுவானோ என்று பயம். போ என்று சொல்லவும் வாய் வரவில்லை.

ஆகவே, வரும் செவ்வாய் மாலை ஐந்து மணிக்குள் வேறு நிலையத்துக் காவலர் ஒருவரை ஆலயக் கூடத்து வாசலில் நிறுத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அழைத்தால் எந்த நேரமும் வந்து வாக்குமூலம் தருவேன்.

தம்பி இம்மனுவைப் படித்தான். தானும் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னான். நான் பேனாவைத் தரவில்லை. அவன் பயப்படவில்லை ஐயா, பயம் எனக்குத்தான்.

இடம்: சலவைப் பிரிவு ஓய்வறை
நாள்: சனிக்கிழமை

தங்கள் உதவியை எதிர்பார்த்திருக்கும்,
(கையொப்பம்)
வெல்டரின் அக்கா