ஏற்றமில்லாத பாதை

இன்று காலை வாசலில் விறகு இறக்கினார்கள். மலையிலிருந்து வந்த கட்டை. மழையில் நனைந்து, பட்டை பாதி உரிந்து, இன்னும் ஈரம் காயாமல் இருந்தது. வண்டிக்காரர் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவரோரம் அடுக்க அடுக்க, செண்பகத்தோப்பு ஓடைக்கரையின் வாடை தெருவுக்குள் வந்துவிட்டது. கந்தகமும் பசையும் மட்டுமே மணக்கிற இந்தச் சிவகாசித் தெருவில் அதை வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அச்சாபீசுக்குக் கிளம்பிச் சட்டை மாட்டியவன், பொத்தான் போடாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. இருந்த காலத்திலும் உனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. உனக்கு வந்த ஒன்றிரண்டு கடுதாசியையும் நான்தான் படித்துச் சொல்வேன். அதனால் இந்தக் கடிதம் எங்கும் போய்ச் சேராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். சொல்ல வேண்டியதைக் கேட்க வேறு ஆளும் இல்லை.

ஏழாயிரம்பண்ணைக்கு வடக்கே நம் ஊரில் மழை பொய்த்து, கரிசல் வெடித்துக் கிடந்தது. கூலிக்குக் கூப்பிட ஆளில்லாமல் நீ மடத்து வாசலில் படுத்துக் கிடந்தாய். நான் அதற்கு முன்பே இங்கு வந்து, பட்டாசுக்கு லேபிள் அச்சடிக்கிற கம்பெனியில் சேர்ந்திருந்தேன். லேபிள் கட்டுகளை ஒரு பட்டாசுக் கம்பெனிக்குக் கொண்டுபோனபோது, மருந்து கலக்க ஆள் வேண்டும் என்றார்கள். நான் உடனே உன்னைச் சொன்னேன். பொன்னுத்தாயையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு, ஒரு பானையும் ஒரு பாயுமாக நீ பஸ்ஸிலிருந்து இறங்கிய நாளில் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? ஒரு குடும்பத்துக்குச் சோறு காட்டிவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆறு வருஷம் அந்தக் கம்பெனியின் மருந்து கலக்கும் கொட்டகையில் நின்றாய். சாயங்காலம் நீ தெருவில் வரும்போது கை, கழுத்து, காதுமடல் எல்லாம் அலுமினியப் பொடி மினுங்கும். திருவிழாவில் வேஷம் கட்டியவன் போல இருக்கிறாய் என்று நான் கேலி செய்திருக்கிறேன். பிறகு இருமல் வந்தது. முதலில் விடியற்காலையில் மட்டும். பிறகு பேசும்போதும் சிரிக்கும்போதும்.

நயா பைசா புதிதாக வந்து, பஸ்ஸில் எல்லாரும் கண்டக்டரோடு தர்க்கம் செய்துகொண்டிருந்த வருஷம் அது. நாம் இரண்டு பேரும் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உன்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் என்னிடம் பேசினார். நெஞ்சுக்குள் பொடி படிந்து இறுகிவிட்டது, இனி அதைக் கரைக்க மருந்து இல்லை, ஒரு வருஷம் தாங்கினால் பெரிது என்றார். அந்த வேலையை உடனே விட வேண்டும் என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, நல்ல காற்றுள்ள இடத்தில் ஏற்றமில்லாமல் மெதுவாக நடக்கட்டும், கொஞ்சம் சுகமாக இருக்கும் என்று சேர்த்துச் சொன்னார்.

வெளியே வந்து உன்னிடம் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் சொன்னேன். அதையும் மாற்றிச் சொன்னேன். நடந்தால் சரியாகிவிடும் என்றேன்.

பொன்னுத்தாயிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் அழவில்லை. "அவுககிட்டச் சொல்லிராதீகண்ணே" என்றாள். அதோடு அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

அந்த ஆடியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் போனோம். முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கிருந்து மாந்தோப்புக்குப் போகிற மாட்டுவண்டி ஏதாவது ஒன்றில் தொற்றிக்கொண்டால் செண்பகத்தோப்பு மலையடிவாரத்தில் இறக்கிவிடுவார்கள். அதற்கு அப்பால் சர்க்கார் காடு. விறகு எடுக்கிறவர்களும் மாடு மேய்க்கிறவர்களும் நடந்து நடந்து பதிந்த பாதை, ஓடையை ஒட்டியே போகும். மணல் பாதை. காலில் செருப்பே வேண்டாம். நீர்மத்தி மரங்கள் இரண்டு பக்கமும் கூடி நிற்கும். ஒரு மைல் போனால் ஓடையைக் கல்லில் மிதித்துக் கடக்க வேண்டும். அப்புறம் லேசாக உயர்ந்து, ஒரு பரந்த பாறையில் முடியும். பாறையில் உட்கார்ந்து பொன்னுத்தாய் கொடுத்துவிட்ட கம்மஞ்சோற்றைத் தூக்குவாளியிலிருந்து எடுத்துச் சாப்பிடுவோம். கிழவிகள்கூட மூச்சு வாங்காமல் நடக்கிற பாதை அது.

முதல் நாள் அந்த ஓடையைப் பார்த்து நீ நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. மாடு கட்டிக் கமலையில் கிணற்றுத் தண்ணீர் இறைத்தே வளர்ந்தவன் நீ. "யாரும் இறைக்காமயே ஓடுது பாருலே" என்றாய். இருமல் வந்தபோது ஓடையை விட்டு விலகிப் போய், புதரோரம் துப்பி, காலால் மண்ணைத் தள்ளி மூடினாய். பிறகு தண்ணீரில் கை நனைத்து, மணலை அள்ளி நகக்கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். வெள்ளிப்பொடி போகவில்லை. மறுவாரமும் தேய்த்தாய். மரக்கிளையில் சாம்பல் நிற மலையணில் ஒன்று பூனை அளவுக்கு உட்கார்ந்து, நீள வாலைத் தொங்கவிட்டு நம்மைப் பார்த்தது. அதற்கு அதன் வால்தான் பெரிய பாரம் போல என்று சொல்லிச் சிரித்தாய். சிரித்ததற்கு வெகுநேரம் இருமினாய்.

திங்கட்கிழமை மறுபடி கொட்டகைக்குப் போவாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கழுவியதை ஆறு நாளும் அடைத்துக்கொள்கிறாய். கம்பெனிக் கணக்குப்பிள்ளையிடம் போய், உன்னைக் காகிதக் குழாய் சுருட்டுகிற பக்கம் மாற்றச் சொல்லிக் கேட்டேன். தீபாவளி சீசன், லோடு நிற்கிறது, மருந்து கலக்கக் கை பழகிய ஆள் கிடைக்காது, தீபாவளி கழியட்டும் பார்க்கலாம் என்றார். வேலையை விட்டுவிடு என்று உன்னிடம் சொன்னேன். நம் ஊரில் மழை பெய்துவிட்டதா என்று கேட்டாய். பெய்யவில்லை.

ஆவணியில் பாறைவரை போனோம். புரட்டாசியில் ஓடையைக் கடக்கிற கல்லோடு நின்றுவிட்டோம். ஐப்பசியில், வழியில் ஐந்தாறு இடத்தில் உட்கார்ந்தாய். தீபாவளி கழிந்து அவர்கள் உன்னை மாற்றிக் கொடுத்தபோது, காகிதம் சுருட்டவும் உன் மூச்சு போதவில்லை.

கார்த்திகையில் கடைசியாகப் போனோம். காட்டுக்குள் நுழையவே இல்லை. மாந்தோப்பு வேலியோரம் உட்கார்ந்தாய். மலை மேல் மேகம் இறங்கி, குளிர்ந்த காற்று அடித்தது. நீ வாயைத் திறந்து அதை விழுங்கப் பார்த்தாய். கொஞ்சம்தான் உள்ளே போனது. அப்போது கேட்டாய்:

"ஏலே, டாக்டரு உன்கிட்ட என்ன சொன்னாரு?"

"அதான் சொன்னேன்ல. நடந்தாச் சரியாயிரும்னாரு."

"மொதல்ல நீ எனக்கு முன்னால நடந்த. புரட்டாசியில இருந்து பின்னால வார. நான் விழுந்தாப் பிடிக்கத்தான வார? அன்னைக்கே தெரிஞ்சிபோச்சுலே."

தெரிந்துமா இத்தனை வாரமும் வந்தாய் என்று கேட்டேன். "காத்து நல்லாத்தான இருக்கு" என்றாய்.

நான் அப்போதுதான் சொன்னேன், உன்னை இங்கே கூட்டிவந்து கெடுத்தவன் நான்தான் என்று. நீ மறுக்கவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. என் முழங்காலில் கை வைத்தாய்.

"பொன்னுத்தாய அந்தக் கொட்டகைக்குள்ள விட்றாத. அது ஒண்ணு செய்யி, போதும்."

விடமாட்டேன் என்றேன். உன் கையைப் பிடித்துச் சொன்னேன்.

மார்கழியில் ஒரு மத்தியானம் நீ போனாய். நான் அப்போது மெஷினில் லேபிள் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆள் வந்து சொன்னபோது மையைத் துடைக்காத கையோடு ஓடிவந்தேன். நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தாய். படுத்தால் மூச்சு வராது என்று ஒரு மாதமாக அப்படித்தான் இருந்தாய்.

காரியம் முடிந்த பதினைந்தாம் நாள், உன் இடத்துக்கு அவளை வரச்சொல்லிக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. நான் போய், போகக்கூடாது என்றேன். நீ சொன்னதையும் சொன்னேன். தீப்பெட்டி ஒட்டலாம், வேறு ஏதாவது பார்க்கலாம் என்றேன். பெட்டி ஒட்டினால் ஒரு வேளைக்குத்தான் ஆகும், கொட்டகையில்தான் இரண்டு வயிறு நிறையும் என்றாள். பிறகு, கோபமே இல்லாமல், ஒன்று கேட்டாள்: "ரெண்டு வீட்டுக்கும் நீங்க சோறு போடுவீகளாண்ணே?"

என் வீட்டில் அப்போது நான்கு பிள்ளைகள். மறுநாள் வழி தெரியாது என்று கூப்பிட்டாள். கம்பெனி வாசல்வரை நானே கூட்டிக்கொண்டு போய் விட்டேன். உன்னை விட்ட அதே வாசல். உனக்குக் கொடுத்த வாக்கு மூன்று மாதம்கூட நிற்கவில்லை.

உன் மகளை அவள் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவும் விடவில்லை. போன தை மாதம் காரியாபட்டிப் பக்கம், பருத்திக்காடு உள்ள வீட்டில் கட்டிக்கொடுத்துவிட்டாள். அது ஒன்றுதான் தப்பியது. பொன்னுத்தாய்க்கு அந்தக் கல்யாணத்துக்கு முன்பே இருமல் தொடங்கியிருந்தது. மகள் புருஷன் வீடு போகட்டும் என்று மறைத்து வைத்திருக்கிறாள்.

போன வாரம் அவளை விருதுநகருக்குக் கூட்டிப்போனேன். இப்போது வேறு டாக்டர், சின்ன வயது. அவரும் அவளை வெளியே உட்காரச் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்வரை நான் காத்திருக்கவில்லை, அடுத்த வாக்கியம் எனக்கு முன்பே தெரிந்திருந்தது. வெளியே வந்து, நல்ல காற்றில் நடந்தால் சரியாகிவிடும் என்று அவளிடம் சொன்னேன். உனக்குச் சொன்ன பொய்யில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

அந்தப் பொய்யை அவள் ஒருமுறை என்னோடு சேர்ந்து சொன்னவள். அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? திரும்பும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்:

"அவுகளக் கூட்டிட்டுப் போனீகளே, அந்த மலைப்பாதை ரொம்ப ஏத்தமாண்ணே?"

"இல்ல தாயி. லேசான பாதைதான்."

"அப்ப நானும் வாரேன்."

எனக்கு உன்னிடமிருந்து மிஞ்சியது அந்தப் பாதை ஒன்றுதான். அதில் நடந்து யாரும் குணமாகவில்லை. ஆனால் எங்கே உட்கார நிழல் உண்டு, ஓடையில் எந்தக் கல் வழுக்கும், எந்த இடத்தில் திரும்பிவிட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போகிறோம்.